ஒரு டிரைவர் வழி தவறியதால் வந்த போரா? முதல் உலகப்போர் பற்றி ஒரு வகுப்பு உரை

(அரசியல் வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள், இளைஞர்களுக்குப் பகிருங்கள்.)



கொஞ்ச நாளா ஒரு ரீல்ஸ் சுத்திக்கிட்டு இருக்கு. நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒரு கார் டிரைவர் தப்பான தெருவுல திரும்பினதால உலகப்போர் வந்துச்சு, கோடிக்கணக்கான பேர் செத்தாங்கன்னு அதுல சொல்றாங்க. லட்சக்கணக்கான லைக். கீழே கமெண்ட் பூராவும் சிரிப்பு ஸ்மைலி. இன்னொரு பக்கம், எந்த நாட்டுல குண்டு விழுந்தாலும் "மூணாவது உலகப்போர் ஆரம்பிச்சிடுச்சு, பாப்கார்ன் எடுத்துக்கோங்க"ன்னு நம்ம பிள்ளைங்களே போடுறாங்க. இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லணும்னுதான் இன்னைக்கு இந்தத் தலைப்பை எடுத்திருக்கேன்.

ரீல்ஸ்ல வர்ற சம்பவம் நடந்ததுதான். 1914 ஜூன் 28, சரயேவோ நகரம். ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் மனைவி சோபியுடன் வருகிறார். காலையிலேயே ஒரு குண்டு வீசப்படுகிறது, அவர் தப்பிக்கிறார், உடன் வந்தவர்கள் காயப்படுகிறார்கள். அவர்களை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகும்போது பாதை மாற்றப்பட்டது டிரைவருக்குச் சொல்லப்படவில்லை. அவர் பழைய வழியிலேயே திரும்புகிறார், தவறு தெரிந்து வண்டியை நிறுத்துகிறார். நின்ற இடத்தில் கவ்ரிலோ பிரின்சிப் என்ற 19 வயது இளைஞன் நிற்கிறான். இரண்டு தோட்டா. இருவரும் இறக்கிறார்கள்.

சரி. ஒரு இளவரசரைச் சுட்டதற்கும், பெல்ஜியத்தில் ஒரு விவசாயியின் வீடு எரிந்ததற்கும் என்ன சம்பந்தம்? மெசபடோமியா பாலைவனத்தில் ஒரு பஞ்சாபி சிப்பாய் பட்டினியில் செத்ததற்கு அந்த டிரைவரா காரணம்? இதைத்தான் ரீல்ஸ் சொல்லாது. அன்று அந்த டிரைவர் சரியாகவே திரும்பியிருந்தாலும் ஐரோப்பா முழுக்க வெடிமருந்தைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். தீக்குச்சி வேறு தெருவில் கிடைத்திருக்கும்.

அந்த வெடிமருந்துக்குப் பெயர்தான் கூட்டணி. 1882இல் ஜெர்மனி, ஆஸ்திரிய-ஹங்கேரி, இத்தாலி மூன்றும் ஒப்பந்தம் போட்டன. அதற்குப் பயந்து பிரான்சும் ரஷ்யாவும் 1894இல் கைகோத்தன. பிரிட்டன் 1904இல் பிரான்சோடும், 1907இல் ரஷ்யாவோடும் உடன்பாட்டுக்கு வந்தது. எல்லா ஒப்பந்தத்துக்கும் சொன்ன காரணம் "பாதுகாப்பு"தான். நான் பாதுகாப்புக்காக ஆள் சேர்க்கிறேன், அதைப் பார்த்து நீ பயந்து ஆள் சேர்க்கிறாய், நீ சேர்ப்பதைப் பார்த்து நான் கப்பல் கட்டுகிறேன். பின்னால் நிற்பது எதுக்குன்னு கேட்டால் காலனிகள், சந்தைகள், ரயில் பாதைகள், எண்ணெய். ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் பங்கு போட்டு முடித்தவர்கள், பங்கு கிடைக்காதவரை உள்ளே விடத் தயாராக இல்லை. பிந்தி வந்த ஜெர்மனி தனக்கும் இடம் வேண்டும் என்றது.

இதுல ஒரு வேடிக்கை. ஜெர்மன் கைசர் வில்ஹெல்மும் பிரிட்டன் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் விக்டோரியா மகாராணியின் பேரன்கள். ரஷ்ய ஜார் நிகோலஸின் மனைவி அதே விக்டோரியாவின் பேத்தி. சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி ஆரம்பித்தது, அழிந்தது ஊரான் பிள்ளைகள்.

கொலைக்கும் பெரும் போருக்கும் நடுவில் 37 நாட்கள் இருந்தன. தோழர்களே, இந்த 37 நாளைத்தான் ஒவ்வொரு அரசியல் ஊழியரும் படிக்கணும். போர்க்கள வீரதீரத்தை அப்புறம் படிச்சுக்கலாம்.

ஜூலை 5: ஆஸ்திரியா என்ன செய்தாலும் பின்னால் நிற்போம் என்று ஜெர்மனி வாக்கு கொடுக்கிறது. தொகை எழுதாத செக் மாதிரி. ஜூலை 23: ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு விதிக்கிறது, ஏற்கவே முடியாத நிபந்தனைகளோடு. ஆனால் செர்பியா அநேகமாக எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு பதில் அனுப்புகிறது. அந்தப் பதிலைப் படித்த கைசரே, இனி போருக்குக் காரணம் எதுவும் இல்லை என்று ஜூலை 28 காலையில் எழுதிவைத்தார். அதே நாள் ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது. கைசரும் ஜாரும் வில்லி, நிக்கி என்று செல்லப்பெயர் போட்டு, ஆங்கிலத்தில் தந்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அமைதியைக் காப்பாற்று என்று அவர் இவருக்கு, இவர் அவருக்கு. இன்னொரு பக்கம் இருவரின் தளபதிகளும் படை திரட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் நிறுத்த முடியவில்லை? ரயில் கால அட்டவணை. கேட்க விநோதமா இருக்கும், ஆனா உண்மை. லட்சக்கணக்கான ஆட்கள், குதிரைகள், பீரங்கிகள் எல்லாம் எந்த ரயிலில் எந்த நிமிடத்தில் எந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டும் என்று வருடக்கணக்கில் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஜெர்மனியின் திட்டம் ஒன்றே ஒன்றுதான்: முதலில் பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து ஆறு வாரத்தில் பிரான்சை முடிப்பது, பிறகு ரஷ்யா பக்கம் திரும்புவது. ஆகஸ்ட் 1 அன்று கைசருக்கு ஒரு நப்பாசை வந்தது. பிரான்சை விட்டுவிட்டு ரஷ்யாவோடு மட்டும் மோதலாமே என்று தளபதி மோல்ட்கேயைக் கேட்டார். முடியாது, திட்டத்தை மாற்றினால் படை படையாக இருக்காது, கூட்டமாகிவிடும் என்கிற பாணியில் பதில் வந்தது. ஒரு சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி, தன் நாட்டு ரயிலைத் தானே நிறுத்த முடியாத நிலை. பயந்தவர்கள் எல்லோரும் முந்திக்கொள்ளப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது, அன்றே பிரிட்டன் போர் அறிவித்தது. நம் நாட்டுக்கும் சேர்த்துத்தான் அறிவித்தது. இந்தியா போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் ஹார்டிஞ்ச் சொன்னார். யாரிடமும் கேட்கவில்லை.

மக்கள் என்ன செய்தார்கள்? நாம் கூச்சப்படாமல் பேச வேண்டிய இடம் இதுதான்.

அன்று ஐரோப்பாவில் தொழிலாளர் கட்சிகள் சின்ன சக்தி இல்லை. ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி 1912 தேர்தலில் 42 லட்சம் வாக்குகளுக்கு மேல் வாங்கி, 110 இடங்களோடு நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சியாக இருந்தது. அதே ஆண்டு பாசல் நகரில் எல்லா நாட்டு சோசலிஸ்டுகளும் கூடி, போர் வந்தால் எதிர்ப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். 1914 ஜூலை கடைசியில்கூட பெர்லினில் போருக்கு எதிரான கூட்டங்கள் நடந்தன. ஆகஸ்ட் 3 அன்று கட்சியின் நாடாளுமன்றக் குழு கூடியது: போர்க் கடனுக்கு ஆதரவாக 78 பேர், எதிராக 14 பேர். மறுநாள் கட்டுப்பாடு என்ற பெயரில் அந்த 14 பேரும் ஆதரித்தே வாக்களித்தார்கள். குழுவின் தலைவர் ஹ்யூகோ ஹாசே உள்ளே எதிர்த்தவர். ஆதரவு அறிக்கையைச் சபையில் படித்தவரும் அவர்தான்! ஜாரின் ரஷ்யா படையெடுத்து வருது, தாய்நாட்டைக் காப்பாத்தணும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பிரான்ஸ் தோழர்கள் கைசர் வருகிறான் என்றார்கள். ரெண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்துச்சு. அதான் சிக்கல். முழுப் பொய்யா இருந்தா மக்கள் நம்பியிருக்க மாட்டாங்க.

பிரான்சில் ழான் ஜோரே என்ற தலைவர் கடைசி நாள் வரை போரைத் தடுக்க ஓடிக்கொண்டிருந்தார். ஜூலை 31 இரவு பாரிசில் ஒரு காபிக்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றான் ஒரு தேசவெறியன். கொலையாளி போர் முழுக்கச் சிறையில் இருந்தான். 1919இல் விசாரணை நடந்தது. நாடு வெற்றிக் களிப்பில் இருந்த நேரம். விடுதலை செய்தார்கள். வழக்குச் செலவை ஜோரேயின் மனைவி கட்ட வேண்டும் என்றும் உத்தரவு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

ஜெர்மனியில் 1914 டிசம்பர் 2 அன்று இரண்டாவது போர்க் கடன் வாக்கெடுப்பு. முழுச் சபையிலும் ஒரே ஒருவர் எதிர்த்து வாக்களித்தார், கார்ல் லீப்னெக்ட். பிறகு அவரைச் சிறையிலும் போட்டார்கள். செர்பியாவின் சோசலிஸ்டுகள், ரஷ்ய டூமாவின் போல்ஷெவிக்குகள் ஆகியோரும் போர்ச் செலவை ஆதரிக்க மறுத்தார்கள். செர்பியா தாக்கப்பட்ட நாடு, தோழர்களே. அந்த நாட்டிலேயே அப்படி நின்றார்கள்.

போர் நடந்த விதத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் மார்ன் ஆற்றருகே ஜெர்மன் பாய்ச்சல் தடுக்கப்பட்டது. அதன் பின் இரு பக்கமும் குழி தோண்டி உட்கார்ந்தார்கள். சுவிட்சர்லாந்து எல்லை முதல் வடகடல் வரை சுமார் 700 கிலோமீட்டர் பதுங்குகுழி. நான்கு வருடம் அந்தக் கோடு பெரிதாக நகரவே இல்லை. இத்தாலி முதல் கூட்டணியில் இருந்ததல்லவா? 1915இல் ரகசியமாக நிலப்பரப்பு பேரம் பேசி எதிர்ப் பக்கம் போய்விட்டது. துருக்கியும் பல்கேரியாவும் ஜெர்மனி பக்கம். ஜப்பான், ருமேனியா, கிரீஸ், சீனா, பிரேசில் என்று இந்தப் பக்கம் நீண்டுகொண்டே போனது.

1916 ஜூலை 1, சோம் ஆற்றங்கரை. ஒரு வாரம் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்துவிட்டு, எதிரில் யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள் என்று சொல்லி பிரிட்டிஷ் படையை நடக்க விட்டார்கள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் மட்டும் 19,240 பேர். காயம், காணாமல்போனவர்களைச் சேர்த்தால் 57,470. நவம்பரில் சண்டை நின்றபோது முன்னேறிய தூரம் சில மைல்கள். வெர்துனில் பிப்ரவரி முதல் டிசம்பர் வரை இரு தரப்பிலும் சேர்த்து சுமார் மூன்று லட்சம் சாவு, கோடு கிட்டத்தட்ட தொடங்கிய இடத்திலேயே.

விஞ்ஞானம் என்ன செய்தது என்று கேட்டால் ஃபிரிட்ஸ் ஹாபரைச் சொல்வேன். காற்றிலிருந்து அம்மோனியா எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். இன்றைக்கு நம் வயலுக்குப் போடும் யூரியாவுக்கு அடிப்படை அதுதான். அதே முறைதான் ஜெர்மனிக்கு வெடிமருந்தும் கொடுத்தது. அதே மனிதர்தான் 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர் நகரருகே குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட திட்டத்தின் மூளை. சில நாள் கழித்து, தானும் ஒரு வேதியியலாளரான அவர் மனைவி கிளாரா, அவருடைய துப்பாக்கியாலேயே சுட்டுக்கொண்டு இறந்தார். போர் முடிந்ததும் ஹாபருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதலாளிகளைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? ஜெர்மனியின் குரூப் நிறுவனம் போருக்கு முன்பே பிரிட்டனின் விக்கர்ஸுக்குக் குண்டுத் திரியின் காப்புரிமையை வாடகைக்குக் கொடுத்திருந்தது. அந்தத் திரி வைத்த குண்டுகள்தான் ஜெர்மன் பிள்ளைகள் தலையில் விழுந்தன. போர் முடிந்ததும் குரூப் என்ன செய்தது தெரியுமா? எங்கள் உரிமத் தொகை பாக்கி என்று விக்கர்ஸிடம் கணக்கு கேட்டது. சிப்பாய்க்குத்தான் எதிரி, கம்பெனிக்கு வாடிக்கையாளர்.

இப்ப நம்ம பக்கம் வர்றேன். இது ஐரோப்பாக்காரன் சண்டை, நமக்கென்னன்னு நினைக்காதீங்க.

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக் கடலில் நின்று பர்மா எண்ணெய்க் கம்பெனியின் டாங்கிகளைச் சுட்டு எரித்தது. ஊரே காலியானது. இன்றும் கெட்டிக்காரத்தனமும் முரட்டுத்தனமும் கொண்ட ஆளை "அவன் பெரிய எம்டன்"னு சொல்றோமே, அது அந்த இரவு நம் மொழிக்குக் கொடுத்த சொல். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் அதை முடித்தது. எம்டன் கதையை எல்லாரும் சொல்வாங்க. ஆனா அதே நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் நடந்ததை யாரும் சொல்றதில்லை. இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுமார் 8,000 பேரை, போதிய பயிற்சி, வேவு எதுவும் இல்லாமல் கரை இறக்கினார்கள். அதில் 63ஆம் பாளையங்கோட்டை காலாட்படையும் இருந்தது. பெயரைக் கவனியுங்கள், பாளையங்கோட்டை. எதிரில் ஆயிரம் பேர் அளவிலான ஜெர்மன்-ஆப்பிரிக்கப் படை. சண்டையில் கலைந்த தேனீக்கள் வேறு கூட்டமாகக் கொட்டின. படை ஆயுதங்களை விட்டுவிட்டுக் கப்பலுக்கு ஓடியது. பழியை வெள்ளை அதிகாரிகள் இந்தியச் சிப்பாய் தலையில் போட்டார்கள். ஜெர்மனிக்கும் நெல்லைச் சீமைக்கும் என்ன வாய்க்கால் தகராறு, சொல்லுங்க பார்ப்போம்?

அந்த ஆப்பிரிக்கப் போரில் மூட்டை சுமந்த ஆப்பிரிக்கக் கூலிகள், பிரிட்டன் தரப்பில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் நோயிலும் பசியிலும் செத்தார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் எழுதிய கல்லறைகூட இல்லை.

மொத்தமாக 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இந்தப் போருக்கு அனுப்பப்பட்டார்கள். சுமார் 74 ஆயிரம் பேர் திரும்பவில்லை. பிரான்சின் குளிரில் நியூவ் ஷபெல், பாலைவன வெயிலில் கூட் எல் அமாரா. கூட் நகரில் முற்றுகையில் சிக்கி, குதிரையை அறுத்துத் தின்று, 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13 ஆயிரம் பேர் சரணடைந்தார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். கைதிகளில் ஆயிரக்கணக்கானோர் நடைப்பயணத்திலேயே இறந்தார்கள். தளபதி டவுன்ஷெண்ட் இஸ்தான்புல் அருகே ஒரு தீவில் வசதியான வீட்டுக்காவலில் இருந்தார். சிங்கப்பூரில் 1915 பிப்ரவரியில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். 47 பேரைச் சிறைச்சுவரோரம் நிறுத்தி, பொதுமக்கள் பார்க்கச் சுட்டார்கள்.

உயிரோடு காசும் போனது. 1917இல் இந்தியா பிரிட்டனுக்கு 10 கோடி பவுண்டு "அன்பளிப்பு" கொடுத்ததாக ஏற்பாடு. யார் கொடுத்தது? வரி கட்டிய குடியானவன். விலைவாசி ஏறியது, துணி, மண்ணெண்ணெய், உப்பு தட்டுப்பாடு. 1918இல் சென்னை மாகாணத்தில் பல ஊர்களில் தானியக் கடைகளையும் சந்தைகளையும் மக்கள் சூறையாடினார்கள். சட்டம் ஒழுங்குப் பிரச்சினைன்னு அரசு எழுதி வெச்சது, பசின்னு எழுதலை. அதே 1918 ஏப்ரலில்தான் பெரம்பூரில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூடி சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். இது தற்செயலாக நடந்ததில்லை.

நம் தலைவர்களில் பலர் போருக்கு உதவினால் சுயாட்சி கிடைக்கும் என்று நம்பினார்கள். 1918இல் கேடா கிராமங்களில் காந்தியே படைக்கு ஆள் சேர்க்க நடந்தார், மக்கள் அவ்வளவாக வரவில்லை. மக்கள் கணக்கு சரியாக இருந்தது. கூலியாகக் கிடைத்தது 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம், ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக். சிப்பாய்களை அள்ளி அள்ளிக் கொடுத்த பஞ்சாப் மண்ணிலேயே சுட்டார்கள். அரசுக் கணக்கே 379 சாவு.

போர் எப்படி முடிந்தது என்பதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தளபதிகள் முடித்து வைத்ததாகப் பாடப்புத்தகம் சொல்லும். 1917 மார்ச் 8, பெட்ரோகிராட். மகளிர் தினத்தன்று பஞ்சாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். ஒரு வாரத்தில் ஜார் முடி துறந்தார். அதே வருடம் பிரெஞ்சுப் படையில் பாதிக்கு அருகில் பிரிவுகளில் சிப்பாய்கள், குழியைக் காப்போம், ஆனால் வீணாகச் சாக இனி முன்னே போக மாட்டோம் என்று மறுத்தார்கள். ஜெர்மனியில் கடல் முற்றுகையால் உணவு வராமல், 1916-17 குளிர்காலத்தை மக்கள் மாட்டுத் தீவனமான டர்னிப் கிழங்கைத் தின்று கழித்தார்கள். 1917 ஏப்ரலில் அமெரிக்கா நுழைந்தது தராசைச் சாய்த்தது, மறுக்கவில்லை. ஆனால் 1918 அக்டோபர் கடைசியில், தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகும் "மானத்துக்காக" ஒரு கடைசிக் கடற்போருக்குக் கப்பலைக் கிளப்பச் சொன்னபோது, மாலுமிகள் கொதிகலனை அணைத்தார்கள். கீல் துறைமுகத்தில் தொடங்கிய கலகம் ஒரு வாரத்தில் பெர்லின் வந்தது. நவம்பர் 9, கைசர் ஆட்சி போனது.

நவம்பர் 11 காலை ஐந்து மணி சுமாருக்கு, கம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அமலுக்கு வந்தது பதினொரு மணிக்கு. நடுவில் ஆறு மணி நேரம். சண்டையை நிறுத்தவில்லை! அந்த ஒரு நாளில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஹென்றி குந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் 10.59க்கு இறந்தார்.

மொத்தக் கணக்கு: களத்தில் செத்த சிப்பாய்கள் சுமார் 90 லட்சம் முதல் ஒரு கோடி. காயம்பட்டவர்கள் இரண்டு கோடி. 1915 முதல் துருக்கி சாம்ராஜ்யத்தில் ஆர்மீனியர்கள் இனமாகவே அழிக்கப்பட்டது தனி. போர்க் கப்பல்களிலும் படை முகாம்களிலும் பரவிய 1918 காய்ச்சல் தனி. போரில் இல்லாத ஸ்பெயின் பத்திரிகைகள் மட்டும் தணிக்கை இல்லாமல் அதை எழுதின, அதனால் "ஸ்பானிஷ் காய்ச்சல்" என்று அந்த நாட்டுக்குக் கெட்ட பெயர். பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்து இந்தியாவில் 1 கோடியே 20 லட்சம் பேரையாவது கொன்றது. 1911 முதல் 1921 வரையிலான பத்தாண்டில் மட்டும்தான் இந்த நாட்டின் மக்கள்தொகை கூடாமல் குறைந்திருக்கிறது. நம் தாத்தாக்களின் அப்பா அம்மா காலம் அது.

பிறகு சமாதானம். 1919 ஜூன் 28, சரயேவோ கொலை நடந்து சரியாக ஐந்தாவது வருடம், வெர்சாய் அரண்மனை. போருக்கு முழுப் பொறுப்பையும் ஜெர்மனியும் கூட்டாளிகளும் ஏற்க வேண்டும் என்றது 231ஆவது பிரிவு. 1921இல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று நிர்ணயித்தார்கள். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. கூலி வாங்கிய கையோடு கடைக்கு ஓட வேண்டும், இல்லாவிட்டால் ரொட்டி கிடைக்காது.

இங்கே ஒன்று. "வெர்சாய் ஒப்பந்தம்தான் ஹிட்லரை உருவாக்கியது" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. அதுவும் ரீல்ஸ் மாதிரிதான். 1928 தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். 1929 உலகப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு, 1932 ஜூலையில் 37 சதவீதம். நடுவில் வேலையின்மை இருந்தது, பயந்த முதலாளிகள் இருந்தார்கள், ஒன்றோடொன்று பேசாத இரண்டு தொழிலாளர் கட்சிகள் இருந்தன. அந்தப் பிளவு எங்கே தொடங்கியது? 1914 ஆகஸ்ட் 4 வாக்கெடுப்பில். லீப்னெக்டும் ரோசா லக்சம்பர்க்கும் 1919 ஜனவரி 15 அன்று கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்தது அதே சமூக ஜனநாயகக் கட்சி.

நான்கு சாம்ராஜ்யங்கள் விழுந்தன: ஜெர்மனி, ஆஸ்திரிய-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி. விழுந்ததில் வருத்தம் இல்லை. ஆனால் துருக்கியின் அரபு நிலத்துக்கு என்ன ஆனது? விடுதலை தருகிறோம் என்று அரபிகளிடம் வாக்கு. அதே நிலத்தை நாம் பிரித்துக்கொள்வோம் என்று 1916இல் பிரான்சோடு ரகசிய ஒப்பந்தம். 1917 நவம்பர் 2 அன்று பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் என்று பால்ஃபர் கடிதம். ஒரு வீட்டை மூணு பேருக்குக் கிரயம் பேசினார்கள். அந்த ரகசிய ஒப்பந்தம் உலகத்துக்கு எப்படித் தெரிந்தது? ரஷ்யப் புரட்சி அரசு ஜாரின் பெட்டியைத் திறந்து பத்திரிகையில் போட்டதால். இன்றைக்கு காசாவிலிருந்து வரும் ஒவ்வொரு செய்திக்கும் பின்னால் அந்தக் கிரயப் பத்திரம் இருக்கிறது.

தேசங்களுக்குச் சுயநிர்ணயம் என்று அமெரிக்க அதிபர் வில்சன் பேசியதை நம்பி எகிப்தியர், கொரியர், சீனர் எல்லோரும் பாரிசைப் பார்த்தார்கள். வியட்நாமுக்கு உரிமை கேட்டு ஒரு இளைஞர் மனு கொடுத்தார். பதில் வரவில்லை. அவர்தான் பின்னாளில் ஹோ சி மின். ஜெர்மனியிடமிருந்த சீனாவின் ஷான்டோங் பகுதியை ஜப்பானுக்குக் கொடுத்ததைக் கேட்டு, 1919 மே 4 அன்று பீகிங் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த அலையில் வந்தவர்கள்தான் 1921இல் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள்.

இழப்பீட்டோடு சம்பந்தப்பட்ட கடன் பத்திரங்களின் கடைசித் தவணையை ஜெர்மனி 2010 அக்டோபரில்தான் கட்டி முடித்தது. சண்டை போட்டவர்களில் அநேகமாக யாரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் விவசாயிகள் ஏர் ஓட்டும்போது இப்பவும் வெடிக்காத குண்டுகள் வருகின்றன. வயலோரம் எடுத்து வைப்பார்கள், ராணுவம் வந்து அள்ளிப் போகும். வெர்துன் அருகே சில காடுகளில் இன்னமும் மனிதர் நுழையத் தடை, மண் அவ்வளவு விஷமாகிக் கிடக்கிறது.

கம்பியேன் காட்டு ரயில் பெட்டி என்ன ஆச்சுன்னு முன்வரிசையில் ஒரு தம்பி துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கார். நல்ல கேள்வி. பிரான்ஸ் அதை அருங்காட்சியகத்தில் வைத்தது. 1940 ஜூன் 22 அன்று ஹிட்லர் அதன் சுவரை இடித்து அந்தப் பெட்டியை வெளியே இழுக்கவைத்து, பழைய இடத்திலேயே நிறுத்தி, அதே பெட்டிக்குள் பிரான்சின் சரணாகதியைக் கையெழுத்து வாங்கினார். அங்கிருந்து அடுத்த வகுப்பில் தொடர்வோம். இப்ப பத்து நிமிஷம் டீ, அப்புறம் கேள்விகளுக்கு வருவோம்.